கோவிந்தசாமியைக் கழித்த நாள்

மூன்றாவது ஞாயிறும் ஓலை வாசித்தாயிற்று. ஆம்பூர் சபையைச் சேர்ந்த கேத்தரினுக்கும் வேலூர் சபையைச் சேர்ந்த ஷாஜினுக்கும் நடக்கவிருக்கும் திருமணத்தில் யாருக்காவது ஆட்சேபணை இருந்தால் இப்போதே தெரிவிக்கவும் என்று சொல்லிவிட்டு, போதகர் வழக்கப்படி ஒரு மூச்சு நேரம் நிறுத்தினார். சபை மொத்தமும் கல்யாணப் பெண்ணைத் திரும்பிப் பார்த்தது. கல்யாணப் பெண் மட்டும் ஆண்கள் பக்கத்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்த சாந்தகுமாரின் பின்னந்தலையைப் பார்த்தாள். உலகத்திலேயே இந்தக் கல்யாணத்துக்கு ஆட்சேபணை இருக்கக்கூடிய ஒரே மனிதர் அவர்தான்.

சாந்தகுமார், அஃப்சானா ஷூஸின் ஜெனரல் மேனேஜர். கேத்தரின் அதே கம்பெனியின் கம்ப்யூட்டர் டிபார்ட்மென்ட். டிபார்ட்மென்டில் வேலை பார்ப்பவள் என்று சொன்னால் தவறு, அவள்தான் டிபார்ட்மென்ட். சாந்தகுமாருக்கு ஷாஜின் மேல் எந்த வருத்தமும் கிடையாது. பையன் வேலூர் பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ், தங்கமான பிள்ளை. அவருடைய ஆட்சேபணை கல்யாணத்தை ஒட்டி வரும் பத்து நாள் லீவுக்குத்தான்.

ஏற்கெனவே பட்டவள் கேத்தரின். அக்கா குழந்தையின் ஞானஸ்நானத்தில், போதகர் தண்ணீர் தெளித்த அதே நேரத்தில் டிஸ்பாட்ச் இன்பராஜ் போன் செய்து பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்றான். அவளுடைய நிச்சயதார்த்தத்தில் நிலைமை இன்னும் மோசம். ஆல்பத்தைத் திறந்தால் ஆறாவது பக்கத்தில் ஷாஜின் மோதிரம் போட்டுக்கொண்டிருப்பான். மோதிரம் போட அவள் நீட்டிய கை அவன் பக்கம் இருக்கும், அவளுடைய இன்னொரு கை மடியிலிருந்த லேப்டாப்பில் இருக்கும். "பரவால்ல, ஒரு கையாவது எனக்குக் கெடச்சுதே" என்று ஷாஜின் அன்றைக்குச் சிரித்தான். அவன் அம்மா சிரிக்கவில்லை.

இத்தனைக்கும் கம்பெனியின் கம்ப்யூட்டர்கள் இப்போது ஆம்பூரிலேயே இல்லை. முன்பு தோல் கோடவுனுக்குப் பக்கத்து அறையில் இருந்தன. வெயிலிலும் உப்பிலும் அந்த வாசனையிலும் வருஷத்துக்கு ஒன்றாகச் செத்துக்கொண்டிருந்தன. கேத்தரின் வந்த பிறகு எல்லாவற்றையும் கிளவுடுக்கு மாற்றினாள். வருகைப் பதிவு, கட்டிங் கணக்கு, டிஸ்பாட்ச் பேப்பர், கேன்டீன் டோக்கன் எல்லாம் இப்போது எங்கேயோ இருக்கும் ஒரு பெரிய நிறுவனத்தின் இயந்திரங்களில் ஓடுகின்றன. பாலாற்றில் மணலைத் தவிர வேறொன்றையும் பார்த்திராத ஊரில், சொன்ன நேரத்துக்குத் தவறாமல் வந்த ஒரே மேகம் இதுதான்.

ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே செருப்பு தேடும் இடத்தில் அவள் சாந்தகுமாரை மடக்கினாள்.

"சார், லீவு."

"இன்னாம்மா, ஆண்டவர் சந்நிதில வச்சு ஆபீஸ் பேச்சு."

"ஆபீஸ்ல கேட்டா சர்ச்சுல பேசிக்கலாம்னு சொன்னீங்க சார்."

சாந்தகுமார் செருப்பை மாட்டிக்கொண்டார். "நான் குடுக்கமாட்டேன்னு சொல்லல. நீ இல்லாம அது ஓடுமா? அதைச் சொல்லு."

"ஓட வைக்கிறேன் சார்."

"அப்ப ஒரு வாரம் ஓட்டிக் காட்டு. நீ ஆபீஸ்லயே இரு, ஆனா கை வைக்கக் கூடாது. ஒரு வாரம் ஓடுச்சுன்னா சனிக்கிழமை லீவுல கையெழுத்து. நடுவுல நீ தொட்டேன்னு வச்சுக்கோ, கல்யாணத்தன்னிக்கு ஒரு நாள், மறுநாள் ஒரு நாள். அவ்ளோதான்."

ஷாஜின் மூணாறில் அறை பதிவு செய்திருந்தான். அதற்காக மூன்று பேருடைய நைட் ஷிப்டைத் தலையில் கட்டிக்கொண்டு, பகலில் பஸ்ஸில் நின்றபடி தூங்கிக்கொண்டிருந்தான். கேத்தரின் ஒப்புக்கொண்டாள்.

கிளவுட் நிறுவனத்தின் இணையதளத்தில் இந்த மாதிரி அவஸ்தைக்கென்றே சில கருவிகளைப் போட்டு வைத்திருந்தார்கள். மாதிரி நிர்வாகக் கருவிகள் என்று பெயர். சின்னச் சின்ன நிரல்கள். ஒன்று, ஓடுகிற எல்லாச் சேவைகளையும் எண்ணி வரிசைப்படுத்தும். ஒன்று, சாயங்காலம் தேவையில்லாததை அணைத்துக் காலையில் எழுப்பும். ஒன்று, எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து வைக்கும். கடைசியாக ஒன்று, சும்மா கிடக்கும் சேவைகளைக் கண்டுபிடித்து, அதற்குப் பொறுப்பானவருக்கு 'இது வேணுமா, வேண்டாமா' என்று மெயில் அனுப்பும். பக்கத்தின் தலையிலேயே கொட்டை எழுத்தில் எச்சரிக்கை இருந்தது: இவை மாதிரிக்காக மட்டுமே, அப்படியே பயன்படுத்தாதீர்கள், விளைவுகளுக்கு நாங்கள் எவ்விதத்திலும் பொறுப்பல்ல.

கேத்தரின் அதைப் படித்துவிட்டு, செய்தவனே பொறுப்பில்லை என்கிறானே என்று நினைத்துக்கொண்டு இறக்கிக்கொண்டாள்.

கருவி எண்ணிக் கொடுத்ததில் நாற்பத்துச் சொச்சம் சேவைகள் இருந்தன. அவற்றில் பாதி எதற்கென்று கம்பெனியில் ஒருவருக்கும் தெரியாது. 'டெஸ்ட்' என்று ஒன்று இருந்தது. 'டெஸ்ட்-புதுசு' என்று ஒன்று. 'டெஸ்ட்-ஃபைனல்' என்று ஒன்று, அதற்குக் கீழே 'டெஸ்ட்-ஃபைனல்-நிஜமான' என்று ஒன்று. எல்லாவற்றுக்கும் நடுவில் 'கோவிந்தசாமி' என்று ஒன்று இருந்தது.

கோவிந்தசாமி என்பவர் கேத்தரினுக்கு முன்னால் இதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர். ஒரு நாள் மத்தியானம் சாப்பிடப் போனவர் ஓசூரில் ஒரு கம்பெனியில் போய்ச் சேர்ந்துவிட்டார். போவதற்கு முன் அவர் செய்த ஒரே நல்ல காரியம் இந்த இயந்திரம். கம்பெனியில் யார் எந்தத் திரையில் நுழைந்தாலும், நீ யார், உன் பாஸ்வேர்டு சரியா என்று பார்த்து உள்ளே விடுவது இதுதான். வாட்ச்மேன் மாதிரி. வேலை கொஞ்சம், அவசியம் ஜாஸ்தி. சுவரில் பேர் எழுதும் பழக்கமுள்ள மனிதர். இயந்திரத்துக்கும் தன் பெயரையே வைத்துவிட்டுப் போயிருந்தார்.

ஒவ்வொரு சேவைக்கும் பொறுப்பாளர் பெயர் ஒன்று கொடுத்தால்தான் கருவி நகரும். கேத்தரின் கையில் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு டிபார்ட்மென்ட் டிபார்ட்மென்டாகப் போனாள்.

"என் பேரா?" என்றான் டிஸ்பாட்ச் இன்பராஜ். "நாளைக்கு அது புட்டுக்கிச்சுன்னா என்னைக் கூப்புடுவாங்களா?"

"கூப்புடுவாங்க. அதுக்குத்தானே பேரு."

"அப்ப வேணாம்மா. பெரிய பாய் பேரைப் போட்டுடு."

டைம் ஆபீஸ் அமிர்தவள்ளி, வருகைப் பதிவைப் பதினைந்து வருஷமாகக் கட்டி ஆள்பவள், கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "எனக்கு ரெண்டு பொம்பளப் புள்ளைங்க இருக்குதுங்க கேத்தரின்." கொலைக் கேஸில் சாட்சி சொல்லக் கூப்பிட்டது போலிருந்தது அவள் முகம்.

சாந்தகுமார் அவர்களைவிடப் படித்தவர், அதனால் அவர் பதிலில் பண்பு இருந்தது. "மொதலாளி உயிரோட குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது நான் எப்படிம்மா பொறுப்புன்னு பேரு போட்டுக்கறது? மரியாதையா இருக்குமா?"

அது அந்தக் கம்பெனியின் வழக்கம். வேன் முதலாளி பெரிய பாய் சுஹேல் அகமது பெயரில் இருந்தது. கேன்டீன் காஸ் இணைப்பு அவர் பெயரில் இருந்தது. வாட்ச்மேன் எங்கிருந்தோ கொண்டுவந்து கேட்டில் கட்டிய நாய்க்குத் தடுப்பூசி போட்ட கால்நடை ஆஸ்பத்திரிச் சீட்டில்கூட, வளர்ப்பவர் என்ற இடத்தில் சுஹேல் அகமது என்றுதான் எழுதியிருந்தது. பெரிய பாய்க்கு நாயென்றால் ஆகாது. நாய்க்கும் அவரைத் தெரியாது.

கேத்தரின் எல்லாவற்றுக்கும் சுஹேல் அகமது என்றே போட்டாள். அவளுக்கு உள்ளூர ஒரு நிம்மதி. கேள்வி மெயிலுக்குப் பதில் வராவிட்டால் எதையும் தொடாதே என்று கருவியில் மாற்றி வைத்திருந்தாள். பெரிய பாய் மெயில் பார்த்து ஜென்மத்தில் ஒருத்தரும் கண்டதில்லை. அவர் பதில் போடமாட்டார், அதனால் ஒன்றும் நீங்காது, அதனால் எதுவும் நிற்காது. அவளுடைய பாதுகாப்பு ஏற்பாடு மொத்தமும் முதலாளியின் சோம்பேறித்தனத்தின் மேல் கட்டப்பட்டிருந்தது. அவளுக்குத் தெரிந்தவரை அதைவிட உறுதியான அஸ்திவாரம் அந்தக் கம்பெனியில் கிடையாது.

செய்த தப்பு வேறு. மெயிலில் போகிற வாசகத்தை, டிபார்ட்மென்ட்காரர்களுக்குப் புரியட்டும் என்று முன்கூட்டியே தமிழில் மாற்றி வைத்திருந்தாள். 'இந்தச் சேவை ஒரு வாரமாக வேலையில்லாமல் இருக்கிறது.' அதற்குக் கீழே இரண்டு பொத்தான்கள். பச்சையில் 'வைத்துக்கொள்.' சிவப்பில் என்ன போடுவது என்று யோசித்து, தோல் தரம் பிரிக்கிற மேஜையில் புழங்கும் வார்த்தையையே போட்டாள்: 'கழித்துவிடு.'

ஏற்பாடெல்லாம் முடிந்து, அடுத்த திங்கட்கிழமை காலை சாந்தகுமார் அவளுடைய சின்னக் கீபோர்டைப் பிடுங்கி, நாற்பத்திரண்டாம் அளவு ஷூ டப்பா ஒன்றில் போட்டு, பேக்கிங் டேப்பைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டி, அவள் மேஜையிலேயே வைத்துவிட்டுப் போனார். லேப்டாப் அவருடைய பீரோவுக்குள் போயிற்று.

திங்கள் ஓடியது. செவ்வாயும் ஓடியது. கேத்தரின் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, கல்யாணத்துக்கு அழைக்க மறந்தவர்களை ஒவ்வொருவராக நினைத்து எடுத்தாள். அமிர்தவள்ளி இரண்டு முறை வந்து டப்பாவைத் தட்டிப் பார்த்து, "உள்ள மூச்சு முட்டாதா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

புதன்கிழமை பதினொரு மணி டீ முடிந்ததும் முதலில் இன்பராஜ் வந்தான். முகம் வெளுத்திருந்தது.

"கேத்தரின், நான் யாருன்னே தெரியலங்குது."

"எது?"

"கம்ப்யூட்டரு. இன்பராஜுன்னு அடிச்சா, அப்படி ஒரு ஆளே இல்லன்னு வருது. நான் இங்க தானே இருக்கேன்?"

பின்னாலேயே அமிர்தவள்ளி. "என்னையும் இல்லன்னுடுச்சு. கட்டிங் மேஸ்திரி இல்ல, ஸ்டோர் இல்ல, யாருமே இல்லியாம். சாயந்திரம் ஷிப்டு விடறப்ப ஆயிரம் பேரு கை ரேகை வைப்பாங்க, எல்லாரையும் நீ யாருன்னு கேட்டா நான் எங்க போயி நிப்பேன்?"

"எனக்கு கேட்ல கண்டெய்னரு நிக்குது" என்றான் இன்பராஜ். "ஜெர்மனி லோடு. ரெண்டு மணிக்குள்ள பேப்பர் எடுத்தாதான் சாயந்திரம் ஹார்பர் போவும். இல்லன்னா கப்பலு போய்டும்."

கேத்தரின் தன் போனை எடுத்துப் பார்த்தாள். கருவி அனுப்பும் ஒவ்வொரு மெயிலுக்கும், அதற்கு வரும் பதிலுக்கும் ஒரு நகல் அவளுக்கும் வரும். வந்திருந்தது. காலை பத்தரையிலிருந்து வரிசையாக வந்திருந்தது. வைத்துக்கொள். வைத்துக்கொள். கழித்துவிடு. வைத்துக்கொள். முதலில் அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு ஒரு வரி கண்ணில் பட்டது.

'கோவிந்தசாமி: கழிக்கப்பட்டது. பொறுப்பாளர்: சுஹேல் அகமது.'

மூணாறு ஒரு விநாடி பனிமூட்டமாகத் தெரிந்து மறைந்தது.

அதற்குள் சாந்தகுமார் கையில் பேக்கிங் கத்தியோடு ஓடிவந்தார். பார்த்தவர்கள் யாரோ வெட்டுப்படப் போகிறார்கள் என்று ஒதுங்கினார்கள். அவர் நேராக ஷூ டப்பாவைப் பிடித்தார். கேத்தரின் இரண்டு கையாலும் மூடியை அழுத்திக்கொண்டாள்.

"வுடும்மா. அவசரம்."

"தொட்டா லீவு போச்சுன்னு நீங்கதான் சார் சொன்னீங்க."

"அட, அதை அப்புறம் பேசிக்கலாம்."

அவளுக்கு அந்த 'அப்புறம்' நன்றாகத் தெரியும். ஞானஸ்நானத்துக்குப் பதிலாகத் தருவதாகச் சொன்ன லீவு இன்னும் அந்த அப்புறத்தில்தான் இருந்தது. டப்பாவைத் திறந்தால் கொஞ்ச நேர வேலை. நாற்பது தடவை செய்த வேலை. வெளியே கண்டெய்னர்காரன் ஒரு முறை ஹாரன் அடித்தான்.

"நான் தொடாமயே சரி பண்ணலாம் சார்" என்றாள். "கழிச்சது உடனே அழியாது. ஒரு மாசம் ஓரமா இருக்கும். திருப்பி எடுக்கறதுக்கு ஒரு பொத்தான் இருக்கு. ஆனா அது பொறுப்பாளர் போனுக்குத்தான் போயிருக்கும்."

"பொறுப்பாளர் யாரு?"

நான்கு பேரும் மாடியைப் பார்த்தார்கள்.

பெரிய பாய் சுஹேல் அகமது ஐம்பது வருஷம் மேல்விஷாரத்தில் தோல் பதனிடும் டேனரியில் தரம் பிரிக்கும் மேஜை முன்னால் நின்றவர். ஜன்னல் வெளிச்சத்தில் தோலை விரித்து, கட்டை விரலால் ஒரு தடவு, உள்ளங்கையால் ஒரு இழுப்பு. வை. கழி. அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டார். போன வருஷம் இரண்டு முழங்காலிலும் ஆபரேஷன் ஆனது. டேனரியின் ஈரத் தரையில் அப்பா வழுக்கி விழுந்துவிடுவார் என்று சென்னையிலிருக்கும் மகன் பயந்து, அவரை ஆம்பூர் ஷூ கம்பெனியின் மாடி முன்னறையில், ஏசிக்குக் கீழே, நான்கு தமிழ்ப் பேப்பர்களோடு உட்கார வைத்துவிட்டான். அவர் டெண்டர் விளம்பரம் வரை படித்துவிட்டு, மத்தியானத்துக்குப் பிறகு சுவரைப் படிப்பார்.

இன்றைக்கு அவர் முகம் பளிச்சென்றிருந்தது. மூக்குக்கண்ணாடி நெற்றியில். போனை இரண்டு தோல் துண்டுகளுக்கு நடுவில் சாய்த்து வைத்திருந்தார், ஜன்னல் வெளிச்சம் விழுகிற மாதிரி.

"வாம்மா, வா. இன்னா நல்ல வேலை குடுத்துருக்க! இவ்ளோ நாளா எங்க வச்சிருந்த இதை?"

"பாய்" என்று ஆரம்பித்தார் சாந்தகுமார்.

"இரு சாந்தகுமார். பொண்ணு கேக்கட்டும். சும்மா அமுக்கல நானு. ஒவ்வொண்ணா பாத்து செலக்சன் பண்ணேன். இந்த டெஸ்டு, டெஸ்டு புதுசு, டெஸ்டு ஃபைனலு, எல்லாத்தையும் வச்சுட்டேன். டெஸ்டு பண்ணாம ஒரு லாட்டு வெளிய போவக் கூடாது. கேன்டீன் மெனுன்னு ஒண்ணு வந்துது. வச்சுட்டேன். சாப்பாட்டு விஷயத்துல கை வச்சா பாவம். அப்புறம் வந்தான் பாரு, கோவிந்தசாமி."

பெரிய பாய் மேஜையை ஒரு தட்டு தட்டினார்.

"மத்தியானம் சாப்புடப் போறேன்னுட்டு ஓசூருக்கு ஓடிப்போனவன். சலாம்கூட சொல்லல. அவன் இன்னும் நம்ம செலவுல, வேலையில்லாம ஒக்காந்திருக்கான்னு போட்டிருந்துது. மூணு வருஷமா! உங்க ஒருத்தருக்கும் கண்ணு தெரியல. கழிச்சுட்டேன்."

"பாய், அது ஆளு இல்ல. மெஷினு" என்றார் சாந்தகுமார்.

"மெஷினுக்கு ஏன் அவன் பேரு?"

சாந்தகுமார் கேத்தரினைப் பார்த்தார். "அவரே வச்சுக்கிட்டாரு சார்" என்றாள் கேத்தரின்.

"பாத்தியா! என் கம்பெனி மெஷினுக்கு அவன் பேரு! அப்ப கழிச்சது ரொம்பக் கரெக்டு."

கேத்தரின் மெதுவாக விஷயத்தைச் சொன்னாள். அது வாசல் காக்கிற இயந்திரம், அது போனதால் கம்பெனியில் ஒருவரும் இல்லை என்று ஆகிவிட்டது, கேட்டில் கண்டெய்னர் நிற்கிறது, உங்கள் போனில் 'திரும்ப எடு' என்று ஒரு பொத்தான் இருக்கும், அதை ஒரு முறை அமுக்கினால் போதும். பெரிய பாய் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். பிறகு கண்ணாடியை நெற்றியிலிருந்து மூக்குக்கு இறக்கினார்.

"அமுக்கமாட்டேன்."

"பாய்!"

"கழிச்ச தோலை நான் திருப்பி மேஜைல போட்டதில்ல சாந்தகுமார். ஒரு தடவை போட்டேன்னு வச்சுக்கோ, மறுநாள் அத்தனை புரோக்கரும் வாசல்ல வந்து ஒக்காருவான், எனக்கும் பாரு பாய்னு. என் வீட்டுக்காரி நசீமுன்னிசா தம்பி, என் சொந்த மச்சான், ஒரு லாட்டு கொண்டாந்தான். பாதியைக் கழிச்சேன். ஒரு வாரம் வீட்ல எனக்கு வெறும் சோறு. கொழம்பு கெடையாது. அப்பக்கூட திருப்பி எடுக்கல. இப்ப கோவிந்தசாமிக்காக எடுப்பனா?"

கீழே ஹாரன் இரண்டாவது தடவை அடித்தது. இந்த முறை நீளமாக.

சாந்தகுமார் நெற்றியைத் துடைத்துக்கொண்டு கேத்தரின் காதில், "டப்பாவைப் பிரிச்சுடலாம்மா, கல்யாணத்துக்கு நாலு நாளு தரேன்" என்றார். அவள் அசையவில்லை. நாலு நாளில் மூணாறுக்குப் போய்க் கைகால் கழுவிவிட்டுத் திரும்பலாம்.

ஆனால் அவள் ஆம்பூரில் பிறந்து வளர்ந்தவள். வீட்டில் யாராவது ஒருத்தர் டேனரியில் இல்லாத தெருவே அவள் பார்த்ததில்லை. கழித்த தோல் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும்.

"பாய், ஒண்ணு கேக்கறேன். கழிச்ச தோலைத் தேச்சு, திரும்ப டிரம்முல போட்டு, கறுப்புச் சாயம் ஏத்திக் கொண்டாந்தா?"

பெரிய பாயின் தலை நிமிர்ந்தது. "அது வேற தோலு. அது மேஜைக்கு வரலாம்."

"அப்ப இதையும் அப்படி வச்சுக்குங்க. சாயம் போட்டு வந்த பீஸு."

அவர் யோசித்தார். யோசிக்கும்போது கட்டை விரல் தானாக மேஜை விரிப்பைத் தடவியது. "வரலாம்" என்றார் மறுபடி. "ஆனா டிரம்முலேர்ந்து வர்ற பீஸுக்கு ஒரு சட்டம் இருக்கு. யாரு திருப்பிக் கொண்டாந்தானோ அவன் பேரைத் தோலுக்குப் பின்பக்கம் சாக்பீஸுல எழுதணும். நாளைக்கு ஷூ வாய் பொளந்துச்சுன்னா நான் மாட்டைக் கேக்கமாட்டேன், அவனைத்தான் கேப்பேன். பேரு சொல்லுங்க. அமுக்கறேன்."

கதவோரம் நின்றிருந்த இன்பராஜ் கண்டெய்னர்காரனைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று இறங்கினான். அமிர்தவள்ளி, தான் அங்கே வந்ததே தவறு என்பது போல முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு அவன் பின்னாலேயே போனாள். மிச்சம் இருந்தது இரண்டு பேர். சாந்தகுமார் கேத்தரினைப் பார்த்தார்.

"நீயே உன் பேரைச் சொல்லிடேன். உனக்குத்தானே தெரியும்."

"பேரு போடறதும் தொடறதுதான் சார். அது மட்டுமில்ல, அடுத்த வாரம் நான் இங்க இருக்கமாட்டேன்."

"லீவு இன்னும் சாங்ஷன் ஆவல."

"அப்ப எழுத வேணாம் சார்."

மூன்றாவது ஹாரன். அது நிற்கவே இல்லை. டிரைவர் முழங்கையை அதன் மேல் வைத்துவிட்டான் போலிருந்தது. கேட்டில் நாய் அதற்குப் பதில் குரல் கொடுத்தது. பெரிய பாய், "யாருதுடா அந்த நாயி?" என்றார்.

சாந்தகுமார் கைக்குட்டையை மடித்தார், பிரித்தார், திரும்ப மடித்தார். இருபத்திரண்டு வருஷமாக அந்தக் கம்பெனியில் எதிலும் அவர் பெயர் இல்லை. லெட்டர்களில் 'நிர்வாகத்துக்காக' என்று கிறுக்குவார். அந்தக் கிறுக்கலிலிருந்து ஒரு பெயரை வெளியே எடுக்க எந்த வக்கீலாலும் முடியாது. அவர் கடைசியில் பெரிய பாயின் போனை வாங்கினார்.

"எங்க போடணும்?"

கேத்தரின் எட்டி நின்று விரலை நீட்டாமல் மோவாயால் காட்டினாள். 'பொறுப்பாளர்' என்று ஒரு கட்டம். அதில் சுஹேல் அகமது என்றிருந்ததை அழித்துவிட்டு, சாந்தகுமார் ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரைத் தட்டினார். ஒவ்வொரு எழுத்தும் பல் பிடுங்குவது போல வந்தது.

அந்தக் கட்டத்துக்குக் கீழே பொடி எழுத்தில் இன்னொரு வரி இருந்தது. 'எல்லாச் சேவைகளுக்கும் இவரையே பொறுப்பாளராக வை.' அதன் பக்கத்தில் ஒரு டிக். அதை இந்தக் கம்பெனியில் யாரும் போடவில்லை. மாதிரி நிரலை எழுதியவன், எங்கேயோ உட்கார்ந்து, வேண்டாதவர்கள் எடுத்துவிடட்டும் என்று போட்டு வைத்த டிக். பயன்படுத்துவதற்கு முன் மாற்றிக்கொள்ளுங்கள் என்று அவன் எச்சரித்ததில் இதுவும் ஒன்று. கேத்தரின் மாற்ற விட்டுப்போயிருந்தாள். இப்போது அதைப் பார்த்தாள். சாந்தகுமார் பார்க்கவில்லை. அவர் தன் பெயரின் எழுத்துகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

ஆட்சேபணை இருந்தால் இப்போதே தெரிவிக்க வேண்டிய நேரம். கேத்தரின் ஒரு மூச்சு விட்டாள். சபை எப்படி மூன்று ஞாயிறும் பேசாமல் இருந்ததோ அப்படிப் பேசாமல் இருந்தாள்.

பெரிய பாய் போனை வாங்கி, வெளிச்சத்துக்குத் திருப்பி, பெயரைப் படித்தார். கட்டை விரலால் அமுக்கினார்.

"வை" என்றார்.

கீழே அமிர்தவள்ளி, "நான் வந்துட்டேன்! என்னைத் தெரியுதாம்!" என்று கத்தியது மாடி வரைக்கும் கேட்டது. கண்டெய்னர் ஒன்றரை மணிக்குக் கிளம்பியது.

சனிக்கிழமை சாந்தகுமார் கையெழுத்துப் போட மறுத்தார். சோதனை தோற்றது, புதன்கிழமை எல்லாம் நின்றுவிட்டது, ஊரே சாட்சி என்றார். கேத்தரின் வாதாடவில்லை. ஷூ டப்பாவை, டேப் கிழியாமல், அப்படியே எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்ப் பெரிய பாய் முன்னால் வைத்தாள். அவர் சாந்தகுமாரைக் கூப்பிட்டார். டேப்பின் ஓரங்களைக் கட்டை விரலால் தடவிப் பார்த்தார்.

"பொண்ணு தொட்டாளா?"

"தொடல பாய். ஆனா—"

"இன்னிக்கு ஓடுதா?"

"ஓடுது."

"அப்புறம் இன்னா பேஜார் பண்றே? கையெழுத்துப் போடு. தெளிவாப் போடு, பேரு தெரியணும்."

அடுத்த வாரம் கல்யாணம் நடந்தது. சாயங்கால வரவேற்பில், மேடைக்குப் போகும் வரிசையில் சாந்தகுமார் பரிசுப் பொட்டலத்தைக் கக்கத்தில் இடுக்கியபடி நின்றிருந்தார். கையில் போன். பந்தலில் முதல் வரிசையில் முழங்காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த பெரிய பாய், பக்கத்திலிருந்த நாற்காலியின் ரெக்சினைக் கிள்ளிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். கருவி கேட்பதை நிறுத்தவில்லை. கேள்விதான் பெரிய பாய்க்கு வராமல் சாந்தகுமாரின் போனுக்கு வந்தது; மேஜைக்கு ஆள் மாறியிருந்தது.

சாந்தகுமார் மேடை ஏறினார். ஷாஜின் கையைக் குலுக்கினார். கேத்தரின் பக்கம் குனிந்து, சிரித்த முகம் மாறாமல், "காலைலேர்ந்து இருபது வந்துடுச்சும்மா. இந்த 'டெஸ்ட்-ஃபைனல்-நிஜமான' இன்னாது? வச்சுக்கறதா, கழிச்சுடறதா?" என்றார்.

"பொறுப்பாளர் யாரு சார்?" என்றாள் கேத்தரின், போட்டோக்காரரைப் பார்த்தபடி.

"அதுல என் பேரு எப்படி வந்துதுன்னுதான் தெரியல."

"இங்க பாருங்க, எல்லாரும் இங்க பாருங்க" என்று போட்டோக்காரர் கத்தினார். "சார், அந்தப் போனைக் கொஞ்சம் எறக்குங்க."

அவர் இறக்கவில்லை. அந்தப் படம் கல்யாண ஆல்பத்தில் இருக்கிறது. கேத்தரினுடைய இரண்டு கைகளும் ஷாஜினுடைய கைக்குள் இருக்கின்றன. பக்கத்தில் நிற்பவர் மட்டும் குனிந்து, கட்டை விரலைத் திரைக்கு மேலே தூக்கி வைத்துக்கொண்டு, எதையோ முடிவு செய்யப் பயந்து நிற்கிறார்.